எங்க ஊர் ஏரி போடும் பட்ஜெட்

திருவண்ணாமலைக்கு மாதத்துக்கு ஒரு பௌர்ணமி. ஊர்ப்பட்ட ஜனம் வந்து, பதினாலு கிலோ மீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, பஸ்ஸில் ஸீட் பிடிக்க இன்னொரு கிரிவலமும் வந்துவிட்டுப் போகும்.

ஆபீஸ் போகிறவனுக்கும் மாதத்துக்கு ஒரு பௌர்ணமி உண்டு. ஒண்ணாம் தேதி!

ஆனால் ஒரு வித்தியாசம். ஆகாயத்து நிலா அமாவாசைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய பதினைந்து நாள் எடுத்துக்கொள்கிறது. தினம் ஒரு கீற்று, அவ்வளவுதான் தேயும். நம்ம சம்பள நிலா அப்படியா? ஒண்ணாம் தேதி காலையில் பௌர்ணமி, அஞ்சாம் தேதி சாயந்திரம் அமாவாசை. மிச்சமுள்ள இருபத்தைந்து நாளும் கிரகணம்.

எங்க ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறார். இருபத்தாறு வயசு. கல்யாணம் ஆகவில்லை. கெட்ட பழக்கம் கிடையாது. "சார், சம்பளம் வந்துச்சுன்னு போன்ல ஒரு மெசேஜ் வருது. அடுத்த நிமிஷத்திலேருந்து போயிடுச்சு, போயிடுச்சுன்னு பதினோரு மெசேஜ் வருது. வந்ததுக்கு ஒண்ணு, போனதுக்குப் பதினொண்ணு. நியாயமா சார்?" என்கிறார்.

இப்படிக் கேட்பவர்களுக்கு நம்ம ஊரில் ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது. "எறும்பைப் பார் தம்பி, மழைக்காலத்துக்கு எப்படிச் சேர்த்து வைக்குது பார்! தேனீயைப் பார், எப்படி உழைக்குது பார்!"

பார்க்கலாம். எறும்புக்கு வீட்டு வாடகை கிடையாது. பைக்குக்கு இ.எம்.ஐ. கிடையாது. மச்சினிக்குச் சீர் செய்யும் கடமையும் கிடையாது. தேனீ கதை இன்னும் மோசம். பாவம், பூப்பூவாக அலைந்து சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறது. கடைசியில் எவனோ தீப்பந்தத்தோடு வந்து மொத்தத்தையும் பிழிந்துகொண்டு போகிறான். 'சேர்த்தால் மட்டும் போதாது' என்பதற்கு வேண்டுமானால் தேனீயைச் சொல்லலாம்.

எனக்குத் தெரிந்த ஒரே பொருளாதாரப் பேராசிரியர் எங்க ஊர்ப் பக்கத்து ஏரிதான்.

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிற ரோட்டில் இருக்கிறது. பேரூராட்சி, தாலுகா, 2011 தேர்தலிலிருந்து சட்டமன்றத் தொகுதி என்று எல்லா அந்தஸ்தும் உண்டு. ஆறு மட்டும் கிடையாது. அதனால் எங்க ஜனங்களுக்கு ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் பாக்கியம் கிடைக்கவில்லை. ஏரியில்தான் அளந்தார்கள்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரி இருக்கிறது. காரணம் எளிது. எங்க பக்கம் மழை மாதச் சம்பளக்காரன் மாதிரி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று போய்விடும். அந்த ரெண்டு மூணு மாத வரவை வருஷம் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டும். எக்ஸெல் ஷீட் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் கணக்கை மண்ணால் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஏரி என்றால் சும்மா பள்ளம் இல்லை, சார். அதில் ஐந்து சமாசாரம் இருக்கிறது. தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால். பிடித்து நிறுத்தும் கரை. திறந்துவிடும் மதகு. மதகுக்கும் கீழே தங்கி நிற்கும் அடித்தண்ணீர். நிரம்பினால் வழிந்து போகும் கலங்கல். ஐந்தும் சரியாக இருந்தால் ஏரி. ஒன்று தப்பினாலும் குட்டை. இந்த ஐந்தையும் உங்கள் பாங்க் பாஸ்புக்கில் தேடிப் பாருங்கள்.

முதலில் கரை.

ஏரிக்கரை எப்படி உடைகிறது? கடப்பாரை எடுத்து யாரும் இடிப்பதில்லை. நண்டு வளை, எலி வளையிலிருந்து ஆரம்பிக்கும். விரல் நுழைகிற ஓட்டை. முதல் நாள் கசிவு, மறுநாள் ஒழுகல், மழை வலுத்த ராத்திரியில் மொத்தமும் போய்விடும். அதனால்தான் மழைக்காலத்தில் கரைமேல் ஆள் நடந்து பார்ப்பார்கள்.

நம்ம பாஸ்புக்கில் நண்டு வளை எது? நாலு மணி டீயும் பஜ்ஜியும் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பஜ்ஜி தின்பவனுக்குத் தான் தின்றது தெரியும், வயிறே ஞாபகப்படுத்தும். தெரியாமல் போகிறதே, அதுதான் வளை. எப்போதோ ஒரு தடவை படம் பார்க்கச் சேர்ந்துவிட்டு மறந்துபோன சந்தா, மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும். போகாத ஜிம்முக்குக் கட்டின பணம். மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பாங்க் போட்ட அபராதம். மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கரைமேல் நடந்து பாருங்கள். அரைமணி நேரம் பாஸ்புக்கை வரி வரியாகப் படித்தால் போதும். எப்படியும் ரெண்டு நண்டு அகப்படும்.

இரண்டாவது மதகு.

மதகை யார் வேண்டுமானாலும் திறக்க முடியாது. அதற்கென்று ஊரில் ஓர் ஆள் இருப்பார். எங்க பக்கம் நீர்க்கட்டி என்று பெயர். எந்த வயலுக்கு எந்த நாள் எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவார். பெரிய பண்ணைக்காரர் வந்து சத்தம் போட்டாலும், "உம்ம முறை வெள்ளிக்கிழமை" என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும்.

நம்ம மதகுக்கு நீர்க்கட்டியே இல்லை. போனில் ஒரு தட்டு தட்டினால் மதகு திறந்துகொள்கிறது. யு.பி.ஐ. வந்த பிறகு ரொம்ப சௌகரியம்தான், மறுக்கவில்லை. முன்பெல்லாம் நூறு ரூபாய் நோட்டை உடைக்க மனசு வராது. இப்போது உடைப்பதற்கு நோட்டே இல்லை.

இன்னொன்றும் உண்டு. விவசாயி ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் நடவு போடுவார். கார்த்திகைக் கடைசியில் கரைமேல் நின்று, முக்கால் ஏரி என்றால் இவ்வளவு நிலம், அரை ஏரி என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவார். மிச்ச நிலத்தில் மணிலாவோ உளுந்தோ போடுவார். அடுத்த வருஷம் நல்ல மழை வரும் என்று நம்பி இந்த வருஷம் நெல் நட மாட்டார்.

நாம் நடுகிறோம்! அடுத்த இன்கிரிமென்ட் வரும் என்று நம்பி இந்த வருஷம் பைக், அதற்கு அடுத்த பிரமோஷனை நம்பி இந்த வருஷமே கார். தண்ணீர் பற்றாக்குறை தெரிய வரும்போது கதிர் பிடித்திருக்கும். அப்போது என்ன செய்வது? டாங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்ற வேண்டியதுதான். அதற்குப் பெயர் கிரெடிட் கார்டு பாக்கி. மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. வருஷத்துக்கு 36 சதவீதம் தாண்டும்.

எங்க கடைத்தெருவில் இன்னும் சுலபமான லாரி உண்டு. தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முதலிலேயே ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். 'நூறு ரூபாய்தானே' என்று தோன்றும். வட்டியை வருஷக் கணக்கில் போட்டுப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இந்த மாதிரி அநியாய வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, தண்டல்காரர் டி.வி.எஸ்.ஸில் வருகிறார்.

மூன்றாவது அடித்தண்ணீர்.

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மதகின் வாய் ஏரியின் அடிமட்டத்தில் இருக்காது, கொஞ்சம் மேலே இருக்கும். ஆகவே மதகை எவ்வளவு திறந்தாலும் ஏரி முழுசாக வடியாது. கீழே கொஞ்சம் தங்கும். அது பாசனத்துக்கு இல்லை. சித்திரை வெயிலில் மாடு குடிக்க, மீன் பிழைக்க, சுற்றி உள்ள கிணறுகளில் ஊற்று செத்துப்போகாமல் இருக்க. அதை எடுக்க வேண்டுமானால் தனியாக எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். அப்படி இறைத்தால் ஊரே கேட்கும்.

சம்பளத்தில் அந்த மட்டத்தை நாம்தான் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் இருபத்து நாலாயிரம் என்று வைத்துக்கொள்வோம். செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருந்தால் மிஞ்சப்போவது பூஜ்யம். ஒண்ணாம் தேதியே ரெண்டாயிரத்து நானூறு, தானாகப் பிடித்துப் போய் ஒரு ஆர்.டி.யில் விழட்டும். அவசியச் செலவு பதினெட்டாயிரம் என்றால், மூணு மாதச் செலவுக்கு ஐம்பத்து நாலாயிரம் வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ரெண்டு வருஷத்தில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வேலை போனாலும், ஆஸ்பத்திரி வந்தாலும் மூணு மாதம் யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

எங்க பக்கம் மணிலா போடுகிறவர்கள் விதைக்காயை உடைக்காமல் தோட்டோடேயே வைத்திருப்பார்கள். உடைத்துப் பருப்பாக வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும் என்பது ஒன்று. பருப்பாக இருந்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வான் என்பது இன்னொன்று. ஆர்.டி., எஃப்.டி. எல்லாம் தோடு மாதிரி. உடைக்கச் சோம்பலாக இருக்க வேண்டும். அதுதான் அதன் அழகு.

நான்காவது கலங்கல்.

ஏரி நிரம்பி வழிவதை எங்க பக்கம் 'கோடி போகுது' என்போம். பணத்தில் பல கோடி பார்க்கக் கொடுத்து வைக்காதவர்கள் நாங்கள். ஆனால் ஏரி கோடி போனால் ஊரே கூடும். பூ, பழம், தேங்காய், சில இடங்களில் கிடாவெட்டு என்று கொண்டாடுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். தண்ணீருக்குத் தவிக்கிற ஊர், தண்ணீர் வெளியே போவதைப் பார்த்துக் கும்பிடுகிறது! ஏன்? கோடி போனால்தான் கரை பிழைக்கும். வழியவே விடமாட்டேன் என்று கலங்கலை அடைத்தால், ஒரு ராத்திரியில் கரையே போய்விடும். சேர்ப்பதில் பேராசைக்கு இயற்கை வைத்த தண்டனை அது.

2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் எங்க மாவட்டம் இதைக் கண்ணால் பார்த்தது. சாத்தனூர் அணைக்கு மொத்தக் கொள்ளளவே 7,321 மில்லியன் கன அடிதான். டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை அதிலிருந்து தென்பெண்ணையில் திறந்துவிட்டது விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. கீழே விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் வெள்ளம். மொத்தமாக வருவதை மொத்தமாகத் தாங்குவது அணைக்கே கஷ்டம். அரியர்ஸ், போனஸ், நிலம் விற்ற பணம், பி.எஃப். என்று நமக்கும் சில சமயம் மொத்தமாக வரும். அந்த வாரம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய வாரம். நாற்பது வருஷம் தலையைக் காட்டாத சொந்தக்காரர்கள் வருவது அந்த வாரம். ஏழு வருஷமாக இல்லாத வீட்டு ரிப்பேரெல்லாம் மனைவிக்கு ஞாபகம் வருவதும் அந்த வாரம்தான்.

வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்த ஐந்தாவது சமாசாரம், வரத்துக்கால். இதை நான் சொல்வதைவிட எங்க அப்பா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

2021-ல் அப்பாவுக்கு எழுபத்து மூணு வயசு. ரோட்டோரம் இருந்த கொஞ்சம் நிலத்தை விற்றதில் பதினோரு லட்சம் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் எல்லாம் உண்டு. ரெண்டு பேருடைய கடைசிக் காலத்துக்கும் அதுதான் முதல். பென்ஷன், கின்ஷன் எதுவும் இல்லை.

பணம் வந்த வாரத்திலேயே என் தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனுஷர். சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஏதோ ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், லட்சம் கட்டினால் மாசம் பத்தாயிரம் தருகிறதாம். நூற்றுக்குப் பத்து.

"நான் ரெண்டு லட்சம் போட்டிருக்கேன் மாமா. மூணு மாசமா தேதி தவறாம வருது. நீங்க பதினோரு லட்சத்தையும் போட்டா மாசம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கலெக்டர் மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம்."

அப்பா கோபப்படவில்லை. மாப்பிள்ளையாயிற்றே! "நல்லதுங்க மாப்ள. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ஏரிக்கு வரத்துக்கால் எது?" என்றார்.

"டிரேடிங் பண்றாங்க மாமா."

"எதை வாங்கி, எதை விக்கிறாங்க?"

"அது… ஆன்லைன்ல…"

"நான் மணிலா போட்டவன் மாப்ள. நல்ல மழை, நல்ல வெலை கெடைச்ச வருஷத்துலகூட, போட்ட மொதலுக்கு மாசம் நூத்துக்குப் பத்து தவறாம நான் கண்டதில்ல. மழையும் இல்ல, ஓடையும் இல்ல, ஏரி மட்டும் நாளுக்கு நாள் ஏறுதுன்னு ஒருத்தன் சொன்னா என்னா அர்த்தம்? ராத்திரியில எவனோ பக்கத்து ஏரியிலேருந்து மோட்டார் போட்டு எறைக்கிறான்னு அர்த்தம். பக்கத்து ஏரி வத்துற அன்னைக்கு இதுவும் வத்தும். அந்தப் பக்கத்து ஏரியா என்னை இருக்கச் சொல்றீங்களே மாப்ள, நியாயமா?"

எம்.பி.ஏ. படித்தவர்கள் மூணு மணி நேரம் படம் போட்டு விளக்குகிற விஷயம் இது. அப்பா படித்தது அஞ்சாம் கிளாஸ்.

பணத்தை அவர் மூணு இடத்தில் போடச் சொன்னார். ரெண்டு பாங்கில் நாலு நாலு லட்சம், போஸ்ட் ஆபீஸில் மூணு லட்சம். பாங்க் மூழ்கினாலும் ஒரு பாங்கில் ஒருத்தருக்கு ஐந்து லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு என்று 2020 பிப்ரவரியில் மாற்றினார்கள். அதுவரை ஒரு லட்சம்தான். இதை நான் சொன்னபோது, "ஆக, ரெண்டு ஏரியிலயும் கரை உசரம் அஞ்சு லட்சம். அதுக்குள்ள நிறுத்து" என்றார்.

தங்கச்சிக்குத்தான் தாங்கவில்லை. 'எங்க வீட்டுக்காரரை நம்பலை' என்று ஆகிவிட்டது. தீபாவளிக்கு வரவில்லை. பொங்கல் சீர் கொண்டு போன என்னை உட்காரச் சொல்லவில்லை, வாசலிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அம்மா ராத்திரியில் அழுவாள். "காசைக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம், பொண்ணாவது வந்து போவா" என்பாள். அப்பா பதில் பேசாமல் திண்ணையில் படுத்துக்கொள்வார். சேமிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தச் செலவை எழுதுவதில்லை. 'இல்லை' என்று சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது, சார்.

2022-ல் தமிழ்நாடே ஒரு கணக்குப் படித்தது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று ஆருத்ரா நிறுவனம் வாங்கிய பணம் 2,438 கோடி, கொடுத்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொன்னது. நான் ஒரு நாள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாதம் 30 சதவீதம், வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் 23 லட்சம். ரெண்டு வருஷத்தில் 5 கோடியே 42 லட்சம். மூணு வருஷத்தில் 126 கோடி! இது நடக்கக்கூடியதாக இருந்தால் தமிழ்நாட்டில் ஏழை என்று ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். பஜ்ஜி போடவும் ஆள் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இயற்கையைக் காட்டியேகூட நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். தேக்கு வளரும், பணம் வளரும் என்று சொன்ன சென்னைத் திட்டம் 1998-ல் சரிந்தது. அரசாங்கக் காடுகளில் ஒரு தேக்கு வெட்டுக்கு வர ஐம்பது, அறுபது வருஷம் காத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. கோழியை வாங்க ஆள் இல்லை, கோழி வளர்க்கச் சொல்லிப் பணம் வாங்கத்தான் ஆள் இருந்தது. முதலீட்டாளர்களைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்தாயிற்று. ஆனால் சட்டம் வருவது கரை உடைந்த பிறகு மண் கொட்ட. உடையாமல் பார்ப்பது நம்ம வேலை. யாராவது டெபாசிட் கேட்டால், அவர்களுக்கு வாங்க அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். காசு செலவில்லை.

எங்க மாப்பிள்ளை பணம் போட்ட கம்பெனியும் அந்த வருஷமே கதவைச் சாத்தியது. அதற்குள் தங்கச்சி நகையையும் அடகு வைத்து நாலு லட்சம் ஆக்கியிருந்தார். கடைக்கு வாடகை பாக்கி. அந்தச் சமயம் பார்த்து அவர்கள் பெண்ணுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்ட வழியில்லை. தங்கச்சி எங்களிடம் சொல்லவில்லை, எங்க பெரியம்மா மூலம் தெரிய வந்தது.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "நோட்டை எடுத்துட்டு வா." வருஷ வட்டி கிட்டத்தட்ட அறுபதாயிரம் வந்திருந்தது. அம்மாவின் மாத்திரை மருந்துக்கு இருபதாயிரம் தள்ளினார். "மிச்சம் நாப்பதாயிரம். கொண்டு போய்ப் புள்ள ஃபீஸுக்குக் கட்டு."

"அன்னைக்கு இல்லேன்னீங்களே அப்பா?"

"அன்னைக்குக் கேட்டது கரையை வெட்டச் சொல்லி. இது கோடித் தண்ணி. மேல் ஏரி கோடி போனா, கீழ் ஏரிக்குத்தானே போவணும்? அதுக்குத்தானே வரிசையா வெட்டி வச்சிருக்கான்? மேல் ஏரி கீழ் ஏரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுடா. மொதல்ல மட்டும் கை வைக்காதே."

உண்மைதான். எங்க பக்கத்து ஏரிகள் தனித்தனி இல்லை. ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்கு வரத்து. சங்கிலி மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஃபீஸுக்கு இன்னும் பத்தாயிரம் தேவைப்பட்டது. வீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"ஏங்க, நம்ம ஏரி என்னைக்குங்க கோடி போயிருக்கு?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரை உதறி, ஐந்நூறு ரூபாய் நோட்டாக இருபது எண்ணிக் கொடுத்தாள். எங்க வீட்டு மதகுக்குக் கீழே அடித்தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இடத்தை இப்போது மாற்றிவிட்டாள்.

பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தங்கச்சி உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வரும்போது கையில் காபி இருந்தது. இப்போது பெண் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். மாப்பிள்ளை மாதம் கொஞ்சமாகக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பிகளே, ஒன்றை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். பணத்தை அளவோடு வைத்திருப்பது என்றால் பூட்டி வைப்பது இல்லை, வாரி விடுவதும் இல்லை. மதகே இல்லாத ஏரியால் ஒரு வயலும் விளையாது. கலங்கல் இல்லாத ஏரி உடையும். அடித்தண்ணீர் இல்லாத ஏரியில் சித்திரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

இதெல்லாவற்றுக்கும் மேல் ஒரு நோட்டு வேண்டும். உத்திரமேரூர் கல்வெட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில் வெட்டியது. குடவோலை போட்டு ஆள் எடுப்பார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழு. பதவிக்காலம் 360 நாள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தகுதி பெற முடியாது. அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும்தான்! ஏரியையும் கணக்கையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆகவே வருகிற ஒண்ணாம் தேதி, மெசேஜ் வந்ததும் போனைக் கீழே வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுங்கள். வரத்து எவ்வளவு, எங்கிருந்து வருகிறது? மதகு எத்தனை? தங்குவது எவ்வளவு? வழிந்தால் யாருக்கு? நாலே வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பதினோரு மெசேஜும் வரட்டும். எது வயலுக்குப் போகிறது, எது நண்டு வளையில் போகிறது என்றாவது தெரியும்.

எங்க ஆபீஸ் தம்பி நோட்டு வாங்கிவிட்டார். விலை நூற்றிருபது ரூபாய், பளபளவென்று அட்டை, உள்ளே வாட்டர்மார்க். "ஏன் தம்பி இவ்வளவு விலையில்?" என்றேன்.

"சிக்கனமா இருக்கலாம்னு முடிவு பண்ணியாச்சு சார், கொஞ்சம் நல்ல நோட்டா இருக்கட்டுமேன்னுதான்!" என்றார்.

முதல் வரியாக அதையே எழுதச் சொன்னேன். நண்டு வளைக் கணக்கில்!